டிகிரி வாங்கியவர்கள் மண் பிசைகிறார்கள்!

கையில் பட்டம் இருக்கிறது. வாசலில் பெயர்ப் பலகை இருக்கிறது. பெரிய பெரிய கட்டிடங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்த அனுபவமும் இருக்கிறது.

ஆனாலும் கால்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு செம்மண்ணைச் சலிக்கிறார்கள். தண்ணீர் தெளித்துக் கிளறுகிறார்கள். அச்சில் போட்டு அழுத்துகிறார்கள்.

யார் இவர்கள்? கட்டிடக் கலைஞர்கள். "ஆர்க்கிடெக்ட்" என்கிறோமே, அவர்கள்தான்!

ஐந்து ஆண்டு கல்லூரியில் படித்தவர்களுக்கு இது என்ன வேலை என்று கேட்கிறீர்களா? அவர்கள் மறுபடியும் படிக்கிறார்கள். கல்லூரியில் சொல்லித் தராத பாடத்தைப் படிக்கிறார்கள்.

அவர்கள் படிக்காவிட்டால் நமக்கு என்ன நஷ்டம்? நிறைய நஷ்டம்!

வீடு வாழ்நாளில் ஒரு முறை கட்டுவது. கடன் வாங்கிக் கட்டுவது. வரைந்தவர் தப்புச் செய்துவிட்டால், அந்தத் தப்புக்குள்ளேயே நாம் நாற்பது, ஐம்பது ஆண்டு குடியிருக்க வேண்டும்.

பெயருக்குக் காவல்

என்ஜினீயர் வேறு, ஆர்க்கிடெக்ட் வேறு. கட்டிடம் விழாமல் நிற்குமா என்று கணக்குப் பார்ப்பவர் என்ஜினீயர். அறை எங்கே, ஜன்னல் எங்கே, காற்று எந்த வழியாக வரும், வெயில் எந்த வழியாக வரக்கூடாது என்று யோசித்து வரைபவர் ஆர்க்கிடெக்ட்.

இவர்களுக்காக 1972-ல் இந்திய அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. கட்டிடக் கலைக் கவுன்சில் என்று ஒரு சபை ஏற்பட்டது. அங்கே பெயரைப் பதிவு செய்து கொண்டவர் மட்டுமே தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தச் சட்டம் பெயருக்குத்தான் காவல், வேலைக்கு அல்ல. வரைபடம் போடும் வேலையைப் பதிவு செய்யாதவரும் செய்யலாம், அந்தப் பட்டப் பெயரை மட்டும் போட்டுக் கொள்ளக்கூடாது என்று 2020-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது.

அப்படியானால் பதிவு பெற்ற ஆர்க்கிடெக்டுக்கு என்ன பெருமை? மற்றவர்களை விட அதிகம் தெரிந்தவர் என்பதுதான் பெருமை. அதைக் காப்பாற்றிக்கொள்ளப் படித்துக்கொண்டே இருக்க வேண்டும். வேறு வழி இல்லை.

வெயில் வடக்கே போகும்!

ஒரு சின்ன உதாரணம் சொல்கிறேன்.

மேல்நாட்டுப் பாடப் புத்தகங்களில், சூரியன் எப்போதும் தெற்குப் பக்கம் இருக்கும். அது அவர்கள் ஊருக்குச் சரி. சென்னைக்குச் சரியா? சரி அல்ல. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்டு நடுப்பகுதி வரை, சென்னையில் நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கிறது. கத்திரி வெயில் காலத்தில் வடக்குச் சுவரும் சுடும்! வடக்கு ஜன்னலுக்கும் மேலே நிழல் வேண்டும்.

குளிர் நாட்டுக்காரன் கண்ணாடி மாளிகை கட்டுகிறான். வெயில் உள்ளே வரட்டும், வெளியே போகாமல் தங்கட்டும் என்பது அவன் கணக்கு. அதைப் பார்த்து நாமும் கண்ணாடியில் கட்டினோம். வெயில் உள்ளே வந்தது, தங்கியும் விட்டது! இப்போது அதை விரட்ட இரவு பகலாக ஏர்கண்டிஷன் ஓடுகிறது.

2007-ல் மத்திய அரசாங்கம் பெரிய கட்டிடங்களுக்கு மின்சாரச் சிக்கன விதிகளை வெளியிட்டது. 2018-ல் குடியிருப்பு வீடுகளுக்கும் தனி விதிகள் வந்தன. சுவர் வழியாக, கூரை வழியாக, கண்ணாடி வழியாக எவ்வளவு சூடு உள்ளே வரலாம் என்பதற்கு அதில் கணக்கு இருக்கிறது. 2000-ல் பட்டம் வாங்கியவர் இந்தக் கணக்கை எந்தக் கல்லூரியில் படித்திருப்பார்?

நமது மாநிலத்திலேயே 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். கூரைத் தண்ணீரை எங்கே இறக்குவது என்று ஊரெல்லாம் மேஸ்திரிகளும் என்ஜினீயர்களும் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

சுண்ணாம்புக் கல் விடும் மூச்சு

அடுத்தது சிமெண்டு. சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் சுமார் 1,450 டிகிரி சூட்டில் வேகவைத்துச் சிமெண்டு செய்கிறார்கள். அடுப்புக்கு எரிக்கும் நிலக்கரி புகை விடுகிறது. அது போதாதென்று, வேகும் சுண்ணாம்புக் கல்லே கரியமில வாயுவைக் கக்குகிறது. உலகத்தில் மனிதன் வெளியேற்றும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழு, எட்டுப் பங்கு சிமெண்டினால் வருவது. உலகம் சூடாவதற்கு அந்த வாயு ஒரு முக்கிய காரணம் என்பது இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

சிமெண்டே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தேவையான இடத்தில், தேவையான அளவு போடுங்கள் என்கிறார்கள்.

சுட்ட களிமண்ணையும், வேகவைக்காத சுண்ணாம்புக் கல் பொடியையும் சேர்த்து ஒரு புதுவகைச் சிமெண்டு வந்திருக்கிறது. சுவிட்சர்லாந்து நிபுணர்களோடு சென்னை ஐ.ஐ.டி., டெல்லி ஐ.ஐ.டி. ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து பாடுபட்டதன் பலன் அது. கரியமில வாயு நூற்றுக்கு நாற்பது பங்கு வரை குறையும். 2023-ல் இந்தியத் தர நிர்ணய அமைப்பு அதற்கு முத்திரை விதியும் வெளியிட்டது. ஆனால் வரைபடத்தில் எழுதுகிறவருக்குத் தெரிந்தால்தானே கடையில் கேட்பார்கள்!

செம்மண் பள்ளிக்கூடம்

மண் பிசைகிறவர்களிடம் வருவோம்.

புதுச்சேரிக்கு வடக்கே, விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது ஆரோவில். 1968-ல் தொடங்கிய ஊர். பூமி எங்கும் செம்மண். 1989-ல் மத்திய அரசின் ஹட்கோ நிறுவனத்தின் உதவியோடு அங்கே ஒரு கட்டிட மையம் ஏற்பட்டது. 2004-ல் அது "ஆரோவில் மண் கட்டிடக் கழகம்" ஆயிற்று. சத்பிரேம் மைனி என்ற பிரெஞ்சுக் கட்டிடக் கலைஞர் அதை வளர்த்தவர். பல நாடுகளிலிருந்து ஆர்க்கிடெக்டுகளும், என்ஜினீயர்களும், மாணவர்களும், கொத்தனார்களும் இங்கே வந்து பாடம் கேட்டுப் போயிருக்கிறார்கள்.

முதல் பாடம், மண்ணைப் பார்ப்பது. கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, மூக்கால் முகர்ந்து பார்ப்பது!

மேல் மண்ணில் இலையும் வேரும் மக்கிக் கிடக்கும். அந்த வாசனை வந்தால் கல்லுக்கு ஆகாது; தோட்டத்துக்கு ஆகும். அதைத் தனியே ஒதுக்கிவிட்டு அடி மண்ணைத் தோண்டுகிறார்கள். ஈர மண்ணைக் கையில் தேய்த்துக் கழுவினால் உடனே போய்விட்டதா? மணல் அதிகம். பிசினாக ஒட்டிக்கொண்டதா? களி அதிகம். ஒரு கண்ணாடிப் புட்டியில் மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வைத்தால், சரளை அடியில், அதன் மேல் மணல், அதற்கு மேல் வண்டல், கடைசியில் களி என்று அடுக்கடுக்காகப் படியும். வீட்டில் குழந்தைகளோடு நீங்களும் செய்து பார்க்கலாம். செலவு இல்லாத சோதனை.

நூற்றுக்குப் பாதி மணல், ஐந்தில் ஒரு பங்கு களி, மீதி சரளையும் வண்டலும் என்று இருந்தால் நல்ல மண். அதோடு நூற்றுக்கு ஐந்து பங்கு சிமெண்டு சேர்க்கிறார்கள். கையால் இயக்கும் அச்சு இயந்திரத்தில் போட்டு இறுக்குகிறார்கள். சூளை கிடையாது, விறகு கிடையாது. நான்கு வாரம் ஈரம் காயாமல் வைத்திருந்தால் கல் தயார். மண் தோண்டிய குழியும் வீண் இல்லை. அதையே மழைநீர்த் தொட்டியாக்கிவிடலாம்.

சங்கிலி சொல்லும் ரகசியம்

இன்னொரு பாடம் இன்னும் சுவையானது.

ஒரு சங்கிலியின் இரண்டு முனைகளையும் கையில் பிடித்துத் தொங்கவிடுங்கள். அது ஓர் அழகான வளைவாகத் தொங்கும். அந்த வளைவை அப்படியே தலைகீழாக நிறுத்தினால் என்ன ஆகும்? இழுப்பு எல்லாம் அழுத்தமாக மாறிவிடும்! இந்த ரகசியத்தை 1675-ல் ராபர்ட் ஹூக் என்ற ஆங்கில விஞ்ஞானி வெளியிட்டார்.

செங்கல் இழுத்தால் பிரிந்துவிடும்; அழுத்தினால் தாங்கும். ஆகவே சங்கிலி காட்டிய வளைவில் கல்லை அடுக்கினால், கம்பி இல்லாமலே கூரை நிற்கும்.

எகிப்து நாட்டின் தென் பகுதிக் கொத்தனார்கள், சென்டரிங் பலகை கூட இல்லாமல், பின்சுவரில் சாய்த்துச் சாய்த்துக் கல்லை ஒட்டியே வளைவுக் கூரை கட்டினார்கள். லக்சார் நகரத்தில் மூவாயிரம் ஆண்டுக்கு முன்பு பச்சைச் செங்கலால் கட்டிய தானியக் களஞ்சிய வளைவுகள் இன்னும் நிற்கின்றன. அந்தக் கலையை 1940-களில் தேடி எடுத்து மறுபடியும் உயிர் கொடுத்தவர் ஹாசன் பாத்தி என்ற எகிப்தியக் கட்டிடக் கலைஞர். அவருடைய குருமார்கள் யார் தெரியுமா? கிராமத்துக் கொத்தனார்கள்!

ஆரோவில்காரர்கள் அதே வித்தையை வளர்த்தார்கள். கோவைக்கு அருகே வெள்ளியங்கிரி மலை அடிவாரத்தில் தியானலிங்கக் கோயிலின் மேல் நிற்கும் கவிகை மாடம் அவர்கள் வடிவமைத்தது. குறுக்களவு 22 மீட்டருக்கு மேல். கம்பி இல்லை, கான்கிரீட் இல்லை. செங்கல்தான். ஒன்பதே வாரத்தில் எழும்பியது.

மண் வீடு என்றால் மட்டமா?

இதை எல்லாம் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பும் ஆர்க்கிடெக்டுக்கு ஒரு சங்கடம் காத்திருக்கிறது.

மண் வீட்டிலிருந்து இப்போதுதான் மாடி வீட்டுக்கு ஏறி வந்திருக்கிறோம். மறுபடியும் மண்ணா? பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? வீட்டுக்காரர் இப்படிக் கேட்டால், அது நியாயமான கேள்வி. ஐப்பசி மழையில் சுவர் கரைந்த வீட்டில் வாழ்ந்தவருக்குத்தான் அந்தப் பயம் தெரியும்.

ஆர்க்கிடெக்ட் இதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவராக இருக்க வேண்டும். இது கரையும் மண் அல்ல என்று கல்லைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் காட்ட வேண்டும். எல்லா ஊர் மண்ணும் ஆகாது, கரிசல் மண் சுருங்கி வெடிக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சில இடங்களில் செலவு குறையாது என்பதையும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டு, பாதி வேலையில் சுவர் வெடித்தால், கெட்ட பெயர் மண்ணுக்கு வரும்!

இந்த நம்பிக்கையை ஊட்டுவதில் கைதேர்ந்தவர் லாரி பேக்கர். 1917-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். தொழுநோயாளிகளுக்குத் தொண்டு செய்ய இந்தியா வந்தார். வீட்டுக்கு வேண்டிய பொருளைச் சுற்றிலும் ஐந்து மைல் தூரத்துக்குள் தேட வேண்டும் என்ற காந்தியடிகளின் கருத்தைப் பிடித்துக்கொண்டார். பிற்காலத்தில் திருவனந்தபுரத்தில் குடியேறி, 2007-ல் காலமாகும் வரை கட்டிக்கொண்டே இருந்தார்.

செங்கல்லைப் படுக்கவைக்காமல் குத்துக்கல்லாக நிறுத்தி, நடுவே காற்றுக்கு இடம் விட்டுக் கட்டும் "எலிப்பொறிக் கட்டு" அவரால் பிரபலமாயிற்று. நாலு செங்கல் போகும் இடத்தில் மூன்று போதும். உள்ளே நிற்கும் காற்று சூட்டைத் தடுக்கும். கான்கிரீட் தளத்தின் அடிப்பாகத்தில், பளுத் தாங்காத இடத்தில், பழைய ஓடுகளைப் பதித்துச் சிமெண்டை மிச்சம் பிடித்தார். அவர் பெயரில் திருவனந்தபுரத்தை அடுத்த விளப்பில்சாலையில் பயிற்சி நிலையம் ஏற்பட்டது.

கொத்தனாரும் ஆர்க்கிடெக்டும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தால்தான் இந்த வேலை நடக்கும் என்பது என் எண்ணம். வரைபடம் மட்டும் சுவர் எழுப்புவதில்லை.

72 உயிர்கள்

படிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு லண்டனில் ஒரு பயங்கர உதாரணம் உண்டு.

கிரென்பெல் என்ற 24 மாடிக் குடியிருப்பு. குளிருக்கு அடக்கமாக, எரிபொருள் செலவு குறைய, வெளிச்சுவருக்குப் புதிய போர்வை போட்டார்கள். நல்ல நோக்கம்தான். 2016-ல் வேலை முடிந்தது. 2017 ஜூன் 14-ந் தேதி இரவு ஒரு வீட்டுச் சமையல் அறையில் தீப் பிடித்தது. வெளிப் போர்வை எரியும் பொருள்! தீ மளமளவென்று உச்சி வரை ஏறியது. 72 பேர் மாண்டார்கள்.

விசாரணைக் கமிஷன் 2024 செப்டம்பரில் இறுதி அறிக்கை கொடுத்தது. பொருளை விற்றவர்கள், அரசாங்கம், பொருத்தியவர்கள் என்று பலர் மீதும் குற்றம் சொன்னது. வரைபடம் போட்ட கட்டிடக் கலைஞர்களையும் விடவில்லை. எது எரியும், எது எரியாது என்று அவர்கள் தெரிந்துகொண்டிருக்க வேண்டும் என்றது.

இங்கிலாந்தில் ராயல் கட்டிடக் கலைஞர் கழகத்தின் உறுப்பினர்கள் ஆண்டுக்கு 35 மணி நேரம் படித்தாக வேண்டும். அமெரிக்கக் கழகத்தின் விதிப்படி ஆண்டுக்கு 18 மணி நேரம். அதில் 12 மணி நேரம், மக்களின் உடல் நலம், பாதுகாப்பு பற்றிய பாடம். நம் நாட்டிலும் கட்டிடக் கலைக் கவுன்சில் பூனாவில் பயிற்சி மையம் வைத்து வகுப்புகள் நடத்தியிருக்கிறது.

கமிஷன் பாடம்

கல்லும் மண்ணும் மட்டும் பாடம் அல்ல. தொழில் ஒழுக்கமும் ஒரு பாடம். 1989-ல் வெளியான ஒழுக்க விதிகள் இந்தியாவிலுள்ள எல்லா ஆர்க்கிடெக்டுக்கும் பொருந்தும். வேலை பிடித்துக் கொடுப்பதற்காகக் கமிஷனோ அன்பளிப்போ வாங்கக்கூடாது, கொடுக்கவும் கூடாது. என்ன வேலை, என்ன சம்பளம் என்பதை முன்கூட்டியே வீட்டுக்காரருக்குச் சொல்லிவிட வேண்டும்.

நீங்கள் வீடு கட்டப்போகிறீர்களா? வரைபடம் வாங்கும்போது கூச்சப்படாமல் நாலு கேள்வி கேளுங்கள். மேற்குச் சுவருக்கு என்ன நிழல்? மொட்டை மாடிச் சூட்டுக்கு என்ன வழி? மழைத் தண்ணீர் எங்கே போகிறது? இந்த டைல்ஸ் கடைக்கே போகச் சொல்கிறீர்களே, ஏன்?