ஆற்றலும் அறிவும்

ஆங்கிலத்தில் ஆற்றலைக் குறிக்கும் 'கேன்' என்னும் சொல், பழைய ஆங்கிலத்தில் அறிதற்பொருள் தந்த 'குன்னன்' என்ற வினையோடு தொடர்புடையது. இந்நாளிலோ, அறிவை மட்டும் உணர்த்த வேறு தொடர் வேண்டும். நீந்தக் கற்றவன், கை முறிந்த நாளிலும் 'நோ ஹவ் டு ஸ்விம்' எனத் தன்னைப்பற்றி எழுதலாம். அன்று 'கேன் ஸ்விம்' என்றல் பொருந்தாது.

இறந்தகாலத்தில் கருத்து மிக வேண்டும். 'குட்' என்பது முன்பிருந்த பொது ஆற்றலைக் குறிக்கும். ஒருமுறை முயன்று முடித்த செயலுக்கு 'வாஸ் ஏபிள் டு' என்பதே மரபு. வெள்ளத்தில் வீழ்ந்த சிறுவனை ஒருவன் மீட்ட செய்தியை 'குட் சேவ்' என்றெழுதினால், சிறுவன் பிழைத்தானா என்பது விளங்காது. 'வாஸ் ஏபிள் டு சேவ்' என்றால் ஐயம் நீங்கும். எதிர்மறையில் 'குட் நாட்' இரண்டற்கும் பொருந்தும்.

ஆதலின், மாணவர்களே, பொருளறிந்து சொல்லைத் தேர்ந்தெழுதுக.