க.மீ. டப்பா

எங்கள் வீட்டுப் பரணில் ஓர் எவர்சில்வர் டப்பா இருக்கிறது. அடியில் புள்ளிப் புள்ளியாக ‘க.மீ.’ என்று பெயர் வெட்டியிருக்கும். எங்கள் குடும்பத்தில் க.மீ. என்று யாரும் கிடையாது. எழுபதுகளில் ஏதோ ஒரு தீபாவளிக்கு அதிரசத்தோடு வந்து, திரும்பிப் போகாமலே தங்கிவிட்டது. அம்மாவுக்குக் கடைசிவரை அது உறுத்தல்.

அப்போதெல்லாம் பலகாரத்துக்கென்று தனிப் பெட்டி ஏது? எண்ணெய் தேய்த்துக் குளித்த ஈரத் தலையோடு நாங்கள்தான் வீடு வீடாகத் தூக்குவாளியும் டப்பாவுமாக ஓடுவோம். வாங்கியவர்கள் வெறும் டப்பாவைத் திருப்பித் தர மாட்டார்கள். அவர்கள் வீட்டுப் பலகாரம் வரும், இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது வரும். தீபாவளிக்கு எதிர்வீட்டுக்குப் போன தூக்கு சில நேரம் கிறிஸ்துமஸுக்குத்தான் அச்சுமுறுக்கோடு வரும். ரம்ஜானுக்கு அதே தூக்கில் பிரியாணி. டப்பாக்கள் இப்படி ஊர் சுற்றியதால்தான் பெயர் வெட்டுவது கட்டாயமாயிற்று. பாத்திரக்கடை வாசலில் சின்ன உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்திருப்பவர் எழுத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்குவார். அதனால் பலரும் இனிஷியலோடு நிறுத்திக்கொள்வார்கள். அந்தச் சிக்கனத்தில்தான் க.மீ. யாரென்று இன்றுவரை தெரியாமல் போனது.

எவர்சில்வர் மட்டுமல்ல, ஓலையும் உண்டு. பனை விளையும் தெற்கில் கருப்பட்டி ஓலைப்பெட்டியில் வந்தது. செட்டிநாட்டில் சீர்ப் பொருளுக்கு ஓலைக் கொட்டான். நகரத்தார் வீட்டு ஆச்சிமார் தாங்களே முடைந்து, ஓரத்தில் வண்ண நூல் வேலை செய்து கொடுத்தவை. அந்தக் கைவேலை ஏறக்குறைய அற்றுப்போய், பிறகு உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து மீட்கப்பட்டு, இன்று புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது.

அந்தக் காலமே பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. எல்லார் வீட்டுக்குமா டப்பா போனது? தெருக் கூட்டியவருக்குப் பலகாரம் தாளில் மடித்து, தள்ளி நின்று கொடுக்கப்பட்டது. டப்பா அவர் கைக்குப் போய்த் திரும்பி வந்தால் ‘தீட்டு’. இன்று மேலதிகாரிக்குப் போகும் அதே அட்டைப் பெட்டிதான் அவருக்கும் போகிறது. அந்த வகையில் அட்டைப் பெட்டி, டப்பாவைவிட நல்ல பிள்ளை.

ஜிகினாத் தாள் எங்கள் பக்கம் எண்பதுகளில் வந்தது. கல்யாணப் பரிசைப் பிரிக்கும்போது அம்மா செல்லோ டேப்பை நகத்தால் கீறி, தாள் கிழியாமல் எடுத்து, மெத்தைக்கு அடியில் மடித்து வைப்பாள். அடுத்த கல்யாணத்துக்கு அது மறுபடி புறப்படும். மஞ்சப்பை கேலிப்பொருளானதும் ஏறக்குறைய அப்போதுதான். சினிமாவில் பட்டிக்காட்டான் பட்டணத்தில் இறங்கினால் கையில் மஞ்சப்பை இருந்தாக வேண்டும்! பிறகு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று அரசே இயக்கம் தொடங்கியது. கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம்கூட வைத்தார்கள்.

போன தீபாவளிக்கு மகனின் அலுவலகத்திலிருந்து ஒரு பரிசு வந்தது. பிரித்தேன், பிரித்தேன், பிரித்துக்கொண்டே இருந்தேன். கைப்பை, கண்ணாடித்தாள், ரிப்பன், காந்தம் வைத்த மூடி, பஞ்சுமெத்தை, அதற்கு மேல் பளபளத் துணி, பிளாஸ்டிக் தட்டு, நான்கு சீசா. நான்கிலும் சேர்த்து இரண்டு பிடி முந்திரி, பாதாம். பழைய பேப்பர்காரர் புரட்டிப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் எடைக்குப் போகாதும்மா” என்றார். அவர் சொல்வது சரி. அட்டையோடு ஒட்டிய பிளாஸ்டிக் படலத்தைப் பிரிப்பது பெரும்பாடு. பளபளக்கும் பரிசுத்தாளைக் கையில் கசக்கி விட்டுப் பாருங்கள்: கசங்கியபடியே கிடந்தால் பெரும்பாலும் காகிதம், மெல்ல விரிந்துகொண்டால் பிளாஸ்டிக். துணி மாதிரியே இருக்கும் ‘நான்‑ஓவன்’ தாம்பூலப் பையும் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான், தடைப் பட்டியலிலும் இருக்கிறது. ஆனாலும் கல்யாண மண்டப வாசலில் அதைப் பார்க்காமல் வர முடிவதில்லை.

பட்டாசுக் குப்பையைச் சென்னை மாநகராட்சி தனியாக வாரி, கும்மிடிப்பூண்டியில் அபாயக் கழிவுகளைக் கையாளும் இடத்துக்கு அனுப்புகிறது; சமீப ஆண்டுகளில் 100 டன்னுக்கு மேல். பலகாரப் பெட்டிக்கு அப்படித் தனி லாரி கிடையாது.

துணிப்பையிலும் ஒரு சங்கதி உண்டு. பருத்தி விளையத் தண்ணீர் கொஞ்சமாகவா வேண்டும்? வாங்கிய பையைப் பல தடவை தூக்கினால்தான் கணக்கு நேராகும். என் அலமாரியில் முப்பது பை தூங்குகிறது.

ஆகவே இப்போது பரிசை ரவிக்கைத் துணியில் கட்டுகிறேன். கொலுவுக்குக் கொலு வீடு மாறி, தைக்கப்படாமலே நமக்கே திரும்பி வரும் அந்தத் துணிக்கு முதல்முறையாக ஒரு வேலை. புத்தகமென்றால் குறுக்கே வைத்து இரண்டு முடிச்சு போதும். பாத்திரமென்றால் துண்டுதான் தாங்கும்.

இந்தத் தீபாவளிக்கு க.மீ. டப்பாவைப் பரணிலிருந்து இறக்கி, முறுக்கு நிரப்பி, மூன்றாம் மாடிக்குப் புதிதாக வந்த பெண்ணிடம் கொடுத்தேன். பத்து நாள் கழித்துப் போன் செய்தாள்.

“ஆன்ட்டி, டப்பாவை வாட்ச்மேன்கிட்ட குடுத்துடவா?”

“வேண்டாம்மா, நீயே கொண்டா” என்றேன். பிறகு, அதில் பதிலுக்கு ஏதாவது வைக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியுமோ என்னவோ என்ற யோசனை வந்தது. சொல்லவும் கூச்சமாக இருந்தது. இன்னும் வரவில்லை.