எலுமிச்சை இலையில் ஒரு மூட்டு

கதிர்காமத்தில் நான் பணியாற்றும் பள்ளியின் தாழ்வாரத்தில் ஐந்து தொட்டிகள் உள்ளன. ஒன்றில் சாத்துக்குடி ஒட்டுச்செடி. இரண்டாம் ஆண்டில் அதன் அடியிலிருந்து முள் நிறைந்த கிளையொன்று வேகமாக வளர்ந்தது. தண்ணீர் ஊற்றிய மாணவர்களைப் பாராட்டினேன். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி இலையைக் கசக்கி முகர்ந்துவிட்டு, "டீச்சர், மேல இருக்கிற இலைக்கு வேற வாசனை" என்றாள். அவள் சொன்னதே சரி. அந்தக் கிளை சாத்துக்குடி அல்ல. ஒட்டுக்கட்டிய இடத்திற்குக் கீழே, வேர்ச்செடியிலிருந்து கிளம்பியது. சத்தையெல்லாம் அது எடுத்துக்கொள்ள, சாத்துக்குடிப் பகுதி பாதி காய்ந்திருந்தது. தவறு என்னுடையது என்று வகுப்பிலேயே சொன்னேன். பிறகு இலைகளைப் பாடமாக்கினோம்.

இலையைப் பார்த்து அறிதல்

பழம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இலைக்காம்பின் இருபுறமும் உள்ள சிறகு போன்ற விரிவைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

- எலுமிச்சை: சிறிய இலை, குறுகிய சிறகு.
- சாத்துக்குடி: பெரிய இலை, குறுகினாலும் தெளிவான சிறகு.
- கமலா ஆரஞ்சு: கூரிய இலை, மிக மெல்லிய சிறகு.
- பம்பளிமாசு: அகன்ற, இதய வடிவச் சிறகு.

நாரத்தை, கிடாரங்காய் என்னும் பெயர்கள் ஊருக்கு ஊர் வெவ்வேறு செடிகளைக் குறிக்கின்றன. அங்கே பெயரைவிட இலையை நம்புவதே நல்லது.

காம்பும் இலைப்பரப்பும் சேருமிடத்தில் ஒரு மூட்டு தெரியும். எலுமிச்சையின் குடும்பத்தைச் சேர்ந்த வில்வத்தில் ஒரு காம்பில் மூன்று சிற்றிலைகள் உள்ளன. எலுமிச்சையில் இருப்பது ஒரே சிற்றிலை; அது காம்போடு சேரும் இடமே இந்த மூட்டு. அதனால்தான் இதைக் கூட்டிலை என்கிறோம். 'தனியிலை' என்று எழுதும் மாணவரிடம் இரண்டு இலைகளையும் கொடுத்தால் அவரே திருத்திக்கொள்வார்.

குளிரும் வறட்சியும்

பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் 1684-86இல் ஆரஞ்சு மரங்களுக்கென்றே தெற்கு நோக்கிய பெரிய கூடம் கட்டப்பட்டது. பெட்டிகளில் வளரும் மரங்களைக் குளிர்காலத்தில் உள்ளே கொண்டுபோய், கோடையில் வெளியே வைப்பார்கள். உறைபனி இம்மரங்களைக் கொல்லும். ஆனால் மிதமான குளிர் பூக்கத் தூண்டும். புதுச்சேரியில் அந்தக் குளிர் இல்லை. இங்கே அந்த வேலையை வறட்சி செய்கிறது. இலைகள் லேசாக வாடும்வரை சில நாள் நீரைக் குறைத்து, பிறகு உரமிட்டு நன்றாக நீர் ஊற்றினால் பூக்கும் வாய்ப்பு அதிகம். குளிர்ந்த இரவுகள் இல்லாததால் பழுத்த சாத்துக்குடியின் தோலும் இங்கே பெரும்பாலும் பச்சையாகவே இருக்கும்.

தொட்டியில் கவனிக்க வேண்டியவை

ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே இருக்கட்டும். அதற்குக் கீழே வரும் துளிர்களை உடனே கிள்ளிவிடுங்கள். வெயிலில் சிமெண்டுத் தரை கொதிக்கும். தொட்டியைச் செங்கற்கள் மேல் வையுங்கள். மேல்மண் காய்ந்த பின்னரே நீர் ஊற்றுங்கள்.

முள் கிளையை வெட்டிவிட்டோம். ஒட்டுக்கு மேலே இப்போது இரண்டு துளிர்கள் வந்துள்ளன. இன்னும் பூக்கவில்லை. வாரந்தோறும் அவற்றை அளந்து குறிப்பேட்டில் எழுதும் பொறுப்பை அந்த மாணவியே ஏற்றிருக்கிறாள்.