சித்திரையில் அளந்த கழுவெளி

மரக்காணத்துக்குத் தெற்கே, கழுவெளியின் ஓரத்தில் ஒரு கல் நட்டேன். சித்திரை மாதம். சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அந்த வெடிப்பில் கடப்பாரை சுலபமாக இறங்கியது. தலையாரி குடிக்கத் தண்ணீர் கொண்டுவரப் போயிருந்தார். மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்று கல்லையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, எல்லைக் கல்லா?"

"ஆமாங்க."

"கார்த்திகை வந்தா இதுக்கு மேல படகு போவுமே சார்" என்று சொல்லிவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

நில அளவராக 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்தப் பெரியவருக்கு என்ன பதில் சொல்வதென்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. நீர்நிலையைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அரசாங்கம் முதலில் அதை அளக்க வேண்டும். அளப்பதென்றால் ஒரு கோடு போட்டாக வேண்டும். ஐப்பசியில் விரிந்து பங்குனியில் சுருங்குகிற ஒன்றுக்கு எந்த மாதத்தில் கோடு போடுவது?

ஏரி வேறு, கழுவெளி வேறு. இதைத் தெரிந்துகொண்டால் நம் ஊர் நீர்நிலைகளின் கதையில் பாதி புரிந்துவிடும். ஏரிக்குக் கரை உண்டு, மதகு உண்டு, கலங்கல் உண்டு. அதை நம்பிப் பயிர் வைக்கும் ஆயக்கட்டு உண்டு. ஆயக்கட்டுக்காரர் ஒருவர் இருக்கும்வரை ஏரிக்காகச் சண்டை போட ஓர் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். கழுவெளிக்கு இதெல்லாம் கிடையாது. மேலே இருக்கிற ஏரிகள் ஒவ்வொன்றாக நிரம்பிக் கலங்கல் வழிந்தால், அந்தத் தண்ணீரெல்லாம் வந்து பரவுகிற தாழ்நிலம் அது. எங்கள் கழுவெளிக்கு இப்படித் தண்ணீர் அனுப்பும் ஏரிகள் திண்டிவனம், வானூர் பக்கமெல்லாம் பரவிக் கிடக்கின்றன. வந்த தண்ணீர் பரவி, தேங்கி, நிதானமாக எடையன்திட்டு முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போகும். கோடையில் அதே வழியாகக் கடல் உள்ளே ஏறும்.

ஆயக்கட்டு இல்லை, அதனால் வரி இல்லை. வரி தராத நிலத்துக்கு வருவாய்த்துறைப் பதிவேட்டில் ஒரே பெயர்தான்: புறம்போக்கு. பெயரையாவது ஒழுங்காக எழுதினார்களா என்றால், ஒரு கணக்குப்பிள்ளை கழுவெளி என்பார், இன்னொருவர் கழுவேலி என்பார். ஊர்வாயில் அது களுவெளி.

என் அப்பாவுக்கு இந்தப் பதிவேடெல்லாம் தெரியாது. மரக்காணம் உப்பளத்தில் கூலி. உப்பு இங்கே புதுத் தொழில் அல்ல. ஊருக்குள் இருக்கும் பூமீசுவரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே உப்பளங்கள் இருக்கின்றன. கழித் தண்ணீரைப் பெரிய பாத்தியில் தேக்கி, வெயிலில் சுண்டவிட்டு, அடுத்த பாத்திக்குத் திறந்து, அங்கேயும் சுண்டவிட்டு என்று கொண்டுபோவார்கள். கடல்நீர் மூன்று டிகிரி சுமாருக்கு இருக்கும். அது 25 டிகிரிக்கு வந்தால் உப்பு பூக்கும். டிகிரி பார்க்க மேஸ்திரி கண்ணாடிக் குழல் வைத்திருப்பார். அப்பாவுக்கு இரண்டு விரல் போதும். தண்ணீரைத் தொட்டுத் தேய்த்துப் பார்த்து, "நாளைக்குக் காலையில பூத்துடும்டா" என்பார். பெரும்பாலும் பூத்துவிடும். பூத்த பிறகு ஒரு கோடை மழை பெய்தால் போச்சு, அந்த வாரத்து உழைப்பு பாத்தியிலேயே கரையும்.

ஒருநாள் வரப்பில் நின்று மேற்கே கை காட்டிச் சொன்னார். "ஐப்பசியில அது நல்ல தண்ணி வீடு. சித்திரையில உப்புத் தண்ணி வீடு. ரெண்டு பேரும் சண்ட போட்டுக்க மாட்டாங்க. நாமதான் போட்டுப்போம்." நாம் என்று அவர் சொன்னது உப்பளக்காரரையும் விவசாயியையும். உப்பளத்துக்கு உப்புநீர் வேண்டும். கழுவெளிக் கரையில் நெல் வைப்பவருக்குக் கிணற்றில் உப்பு ஏறக் கூடாது. மேலேயிருந்து நல்ல தண்ணீர் வரத்து குறைந்தால் கடல் அந்த அளவுக்கு உள்ளே வரும். இதற்குக் கணக்கு எதுவும் போட வேண்டாம், கிணற்றுத் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்த்தாலே போதும். பிறகு இறால் பண்ணைகள் வந்தன. கடலோர இறால் பண்ணைகள் பற்றி 1996-இல் உச்ச நீதிமன்றம் கடுமையான தீர்ப்புச் சொன்னது. பண்ணைகள் ஒழிந்துவிடவில்லை, 2005-இல் அவற்றை முறைப்படுத்த ஒரு சட்டம் வந்தது.

பணி மாறுதலில் சென்னைக்குத் தெற்கே ஒரு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே பள்ளிக்கரணைப் பக்கத்துப் பழைய காகிதம் ஒன்றைப் புரட்டியபோது ஒரு சொல்லில் கண் நின்றது: கழுவெளி. என் ஊர்ப் பெயர் இங்கே எப்படி வந்தது என்று பார்த்தால், அது ஊர்ப் பெயரே இல்லை. அந்த வகை நிலத்துக்கே அதுதான் பெயர். வேளச்சேரி, மடிப்பாக்கம், பெரும்பாக்கம் என்று சுற்றிலும் இருக்கும் ஏரிகளின் உபரிநீர் வந்து பரவி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளத்தில் கடலைச் சேரும் இடம் பள்ளிக்கரணை. அந்தப் பக்கிங்காம் கால்வாயின் தெற்கு முனை எங்கள் மரக்காணம். ஒரே வாய்க்காலின் மேல் இரண்டு கழுவெளிகள்; ஒன்றைச் சுற்றி நகரம் வளர்ந்துவிட்டது, மற்றதைச் சுற்றி இன்னும் வளரவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

பள்ளிக்கரணை ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கும் மேல் இருந்ததாகச் சொல்வார்கள். பெருங்குடியில் குப்பை மலை எழுந்தது, சாலைகள் குறுக்கே போயின, கண்ணாடிக் கட்டடங்கள் வந்தன. 2007-இல் 317 ஹெக்டேரைக் காப்புக்காடு ஆக்கினார்கள். 2022-இல் 1,247 ஹெக்டேர், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. மிச்சத்தின் மேல் வீட்டுக் கடன் தவணை ஓடிக்கொண்டிருக்கிறது. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் அந்தப் பக்கத்து வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தீர்கள். தண்ணீர் ஊருக்குள் வந்துவிட்டது என்றுதான் செய்தி வாசித்தார்கள். நான் பழைய புலப்படத்தை நினைத்துக்கொண்டேன்.

நான் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. அந்த அலுவலகத்தில் ஒரு வரத்து வாய்க்காலை அளந்தேன். மூலப் புலப்படத்தில் இருந்த அகலம், சங்கிலிக் கணக்கை மீட்டராக மாற்றிய படத்தில் கொஞ்சம் குறைந்திருந்தது. உட்பிரிவு செய்த படத்தில் இன்னும் குறைந்திருந்தது. தரையில் ஒரு ஆள் தாண்டுகிற அளவுதான் மிச்சம். மூலத்தைப் பார்த்து எழுத வேண்டும் என்று குறிப்பு வைத்தேன். "கடைசிப் படம் எதுவோ அதுதான் படம்" என்று மேலே இருந்தவர் சொன்னார். கையெழுத்துப் போட்டேன். பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்த நேரம். ஏரியை ஒரே நாளில் யாரும் விழுங்குவதில்லை. ஒவ்வொரு நகலிலும் ஒரு மயிரிழை.

பழைய கதையும் இதுதான். மாம்பலத்து நெடிய ஏரியைத் தூர்த்துத்தான் 1920-களில் தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976-இல் வள்ளுவர் கோட்டம். முதல் ஆக்கிரமிப்பாளர் யார் என்று தேடினால் பல இடங்களில் அரசாங்கம்தான் வந்து நிற்கும். 2007-இல் ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழ்நாடு ஒரு சட்டம் போட்டது. எல்லையை அளந்து கல் நடுவதுதான் அதில் முதல் வேலை. அந்த வேலை எங்கள் தலையில்தான் விழுந்தது.

இப்போது எங்கள் கழுவெளிக்கு நல்ல காலம். 2021 டிசம்பரில் 5,151.60 ஹெக்டேரைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் ஏறியது. ஈரானில் ராம்சார் என்ற ஊரில் 1971-இல் கையெழுத்தான ஈரநில ஒப்பந்தத்தின் பட்டியல் அது. எல்லாம் சந்தோஷம்தான். பறவை சுடுகிறவர்களுக்குப் பயம் வந்திருக்கிறது. ஆனால் அளவைக்காரன் புத்தி, கோட்டுக்கு வெளியே என்ன இருக்கிறது என்றுதான் போகும்.

2017-இல் மத்திய அரசு கொண்டுவந்த ஈரநிலப் பாதுகாப்பு விதிகளை எடுத்துப் பாருங்கள். எது ஈரநிலம் என்று சொல்லிவிட்டு, எது இல்லை என்றும் ஒரு பட்டியல் கொடுக்கிறார்கள். பாசனத்துக்காகக் கட்டியது இல்லை, உப்பு விளைவிக்க அமைத்தது இல்லை, நெல்வயல் இல்லை. ஆக, கழுவெளிக்குத் தண்ணீர் அனுப்பும் ஏரிகள் அந்த விதிப்படி ஈரநிலம் அல்ல. பக்கத்தில் இருக்கும் உப்பளமும் அல்ல. பூநாரைக்கு இது தெரியாது. அது காலையில் சரணாலயத்துக்குள் நிற்கும், மதியம் அப்பா வேலை செய்த பாத்திகளின் பக்கம் வந்து நிற்கும். ஈரநிலத்தைச் சுற்றி அதைப் பாதிக்கக்கூடிய பகுதியையும் குறித்துக் காட்ட வேண்டும் என்று அதே விதிகளில் இருக்கிறது. உயிர் அந்த வரியில்தான் இருக்கிறது. அதை மேல் ஏரிவரை இழுத்துப் படிக்கிற அதிகாரி கிடைத்தால் கழுவெளி பிழைக்கும்.

ஆனால் யார் படிப்பது? நிலம் வருவாய்த்துறைக்கு, பறவை வனத்துறைக்கு, பெரிய ஏரி நீர்வளத்துறைக்கு, சின்ன ஏரி ஊராட்சி ஒன்றியத்துக்கு, மீன் மீன்வளத்துறைக்கு, உப்பு டெல்லிக்கு. முகத்துவாரத்தில் அழகன்குப்பத்திலும் ஆலம்பரைக்குப்பத்திலும் மீன்பிடித் துறைமுகம் கட்டப் போனபோது விஷயம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிற்று. மீனவருக்குப் படகு நிறுத்த இடம் வேண்டும், அது நியாயமான தேவை. கழுவெளிக்கு அந்த வாய்தான் மூச்சு, அதுவும் நிஜம். ஒடிசாவில் சிலிகா ஏரிக்கென்று 1991-இல் தனி ஆணையம் வைத்தார்கள். முகத்துவாரம் தூர்ந்து உப்புக் குறைந்து மீன்வளம் சரிந்துபோன நிலையில், 2000-இல் புதிய வாய் ஒன்றை வெட்டினார்கள். மீன் திரும்ப வந்தது. ஆபத்தில் இருக்கும் ஈரநிலங்கள் பட்டியலிலிருந்து 2002-இல் சிலிகாவை எடுத்துவிட்டார்கள். ஒரு நீர்நிலைக்குப் பதில் சொல்ல ஒரு அலுவலகம் இருந்தால் இப்படியும் நடக்கும்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் பக்கத்தில் கரையேறியது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை. உப்பளம் முழுவதும் வெள்ளக்காடு. மழை விட்டபின் தம்பி மகனின் இருசக்கர வாகனத்தில் கழுவெளிப் பக்கம் போனேன். நான் நட்ட கல் எங்கே என்று தேடினேன். கண்ணுக்கு எட்டியவரை தண்ணீர்தான். அதற்கு ரொம்ப தூரம் மேற்கே, மேட்டு ஓரத்தில், புதுசாக மனை பிரித்து வண்ணக் கொடி நட்டிருந்தார்கள். கொடிக் கம்புகளும் முழங்கால் தண்ணீரில்தான் நின்றன.

மனை வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் அளவைக்காரனின் வேண்டுகோள் இது. தரகர் சித்திரை வெயிலில் காரில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போவார், போகாதீர்கள். சர்வே எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு, புலப்படமும் அ-பதிவேடும் இணையத்திலேயே பாருங்கள். பக்கத்து எண்ணில் வாய்க்கால் என்றோ கழுவெளி என்றோ இருக்கிறதா என்று தேடுங்கள். இடத்தைப் பார்க்கக் கார்த்திகையில் போங்கள்.