பை சிறியது, பொறுப்பு பெரியது
துணிப்பை தைப்பதும் பழைய கூடையைப் பழுது பார்ப்பதும் குறித்து வணிகர்களுக்குச் சில விளக்கங்கள்

மளிகை வியாபாரத்தில் சரக்குக்கும் தராசுக்கும் அடுத்தபடியாகப் பேச வேண்டியது பை. அரிசி எந்த ஊரிலிருந்து வருகிறது, பருப்பு எந்த ரகம் என்று நாம் ஆயிரம் கேள்வி கேட்கிறோம். அந்தச் சரக்கு வாடிக்கையாளர் வீட்டுக்கு எதில் போய்ச் சேருகிறது என்பதை யோசிப்பதில்லை. அதனால் வரும் நஷ்டம் சில்லறையாக வருவதால் கணக்கில் தெரிவதில்லை. அபராதமாக வரும்போதுதான் தெரிகிறது.

முன்பெல்லாம் பை கடைக்காரரின் கவலையாக இருந்ததில்லை. வாடிக்கையாளர் பையோடு வருவார். எண்ணெய்க்குத் தூக்கு, மண்ணெண்ணெய்க்குத் தகரக் குவளை, அரிசிக்குச் சாக்கு என்று எல்லாம் அவர் வீட்டிலிருந்தே வரும். நம் பங்குக்குப் பொட்டலம் மடிக்கக் காகிதமும், மேலே தொங்கும் சணல் கண்டும் இருந்தால் போதும். ஜவுளிக்கடையும் நகைக்கடையும் கொடுத்த மஞ்சள் பை, கல்யாண வீட்டில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த பை, இவை வருடக்கணக்கில் வீட்டு ஆணியில் தொங்கும். பிறகு கேரி பேக் வந்தது. கையை வீசிக்கொண்டு கடைக்கு வரலாம் என்ற பழக்கம் வந்தது. மஞ்சள் பையோடு வருபவரைப் பட்டிக்காட்டார் என்று கேலி செய்யும் காலமும் வந்தது. பையின் செலவு அன்றைக்குத்தான் வாடிக்கையாளர் கையிலிருந்து நம் கல்லாவுக்கு மாறியது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை விதித்தது. அறிவிப்பு அதற்கு முந்தைய ஆண்டே, 2018 ஜூன் 5-ல், உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்று வந்துவிட்டது. 2019 ஜூன் மாதம் அபராதமும் வரையறுக்கப்பட்டது. தடை செய்த பொருளைச் சேமித்து வைப்பவர், வண்டியில் ஏற்றுபவர், விநியோகிப்பவருக்கு முதல் தடவை 25,000 ரூபாய், இரண்டாம் தடவை 50,000, மூன்றாம் தடவை ஒரு லட்சம். நடுத்தரக் கடைகளுக்கு 1,000, 2,000, 5,000. சிறு கடைகளுக்கு 100, 200, 500 என்று விதிக்கப்பட்டது. மொத்த வியாபாரம் செய்யும் நாங்கள் முதல் வரிசையில் வருகிறோம்; சில்லறைக் கடைக்காரர்கள் பின்வரிசையில் வருகிறார்கள். ஒரே பைதான், அபராதம் மட்டும் ஆளுக்கு ஆள் வேறு.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். மத்திய அரசின் விதிப்படி பிளாஸ்டிக் பையின் கனம் 2021 செப்டம்பர் 30 முதல் 75 மைக்ரானுக்கும், 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரானுக்கும் குறையக் கூடாது. இதைக் காட்டி, “அண்ணாச்சி, இது 120 மைக்ரான், தாராளமாக விற்கலாம்” என்று சொல்லிக் கட்டுக் கட்டாகத் தள்ளிவிடுவார்கள். தமிழ்நாட்டின் தடை கனத்தைப் பார்த்து வந்ததல்ல. எந்தக் கனமாக இருந்தாலும் பிளாஸ்டிக் தூக்குப்பைக்குத் தடைதான். அதேபோல் துணி போலவே தோன்றும் ‘நான் ஓவன்’ பையும் நூலால் நெய்ததல்ல. பாலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக் இழையை அழுத்திச் செய்தது. 2019 தடைப் பட்டியலில் அதுவும் இடம்பெற்றது. ஓரத்தில் ஓர் இழையை உருவிப் பார்த்தால் போதும்: நெய்த துணியில் நூல் நீளமாக வரும், மற்றதில் பஞ்சு போலப் பிய்ந்து வரும்.

பழையபடி செய்தித்தாளில் மடித்துக் கொடுத்தால் தீர்ந்தது என்றும் நினைக்க வேண்டாம். அச்சு மை உணவில் ஒட்டும் என்பதால், உணவுப் பொருளைச் செய்தித்தாளில் கட்டுவதை 2018-ன் உணவுப் பொதிவு விதிமுறைகள் தடுக்கின்றன. ஆக, வெள்ளைக் காகிதப் பொட்டலமும் துணிப்பையும்தான் நமக்கு வழி.

நம் பகுதிக்கு ஏன் கூடுதல் அக்கறை?

தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானது. நம்முடையது ஏரிகளின் ஊர். ஒரு பக்கம் அடையாறு; மறுபக்கம் ஏரி ஏரியாக நிரம்பிப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குத் தண்ணீர் போக வேண்டும். அந்தச் சதுப்பு நிலம் 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதே சதுப்பு நிலத்தில்தான் பெருங்குடிக் குப்பை மேடும் வளர்ந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. அந்த வெள்ளத்துக்குப் பைகள்தான் காரணம் என்று சொன்னால் அது மிகை. ஆனால் மழைநீர்க் கால்வாயின் வாயில் அடைத்துக்கொள்ளும் பையில் நம் கடைப் பையும் உண்டு என்பது உண்மை. தண்ணீர் முதலில் ஏறுவதும் கடைப்படியில்தான். நனைவது நம் மூட்டைதான்.

துணிக்கும் நம் பகுதிக்கும் பழைய உறவும் உண்டு. அனகாபுத்தூர் நெசவாளர்கள் நெய்த கட்டம் போட்ட மெட்ராஸ் கைக்குட்டைத் துணி ஒரு காலத்தில் நைஜீரியாவுக்குக் கப்பலேறியது. அந்த ஏற்றுமதி நின்ற பின் தறிகள் குறைந்தன. மிஞ்சியவர்களில் சிலர் வாழைநார், சணல் போன்ற இயற்கை நார்களில் சேலை நெய்து பெயர் வாங்கினார்கள். நெசவும் தையலும் தெரிந்த கைகள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன.

பை தைக்கும் கணக்கு

மளிகைப் பைக்கு ஏற்றது காடா துணி. ஈரோடு, பல்லடம், சோமனூர் பக்கத்து விசைத்தறிகளில் நெய்து வருவது. வெளுக்காத துணியே போதும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். மறுபக்கம் விரல்கள் எண்ணிப் பார்க்கும்படி தெரிந்தால் அது அரிசிக்குத் தாங்காது. புதுக் காடாவில் கஞ்சி இருக்கும், நனைந்தால் சுருங்கும். எனவே ஓர் இரவு தண்ணீரில் ஊற வைத்து, அலசி, உலர்த்திய பிறகே வெட்ட வேண்டும்.

48 அங்குல அகலத் துணியில் ஒரு கெஜம், அதாவது 36 அங்குலம் எடுத்துக்கொள்வோம். இதில் 14 அங்குல அகலமும் 33 அங்குல நீளமும் கொண்ட துண்டுகள் மூன்று வெட்டலாம். பக்கத்தில் 6 அங்குலப் பட்டை மிஞ்சும். அதை 3 அங்குலமாக இரண்டாகப் பிளந்து, ஒவ்வொன்றையும் பாதியாக வெட்டினால் பதினாறரை அங்குலத்தில் நான்கு காதுகள். கீழே மிஞ்சும் 3 அங்குலப் பட்டையில் இன்னும் இரண்டு காதுகள். மூன்று பைக்கு ஆறு காதுகள் சரியாக வந்துவிடும். மிச்சம் 15 அங்குலத் துண்டு ஒட்டுப்போட உதவும். கெஜத்துக்கு மூன்று பை என்றால் 100 கெஜத்துக்கு 300 பை. இந்தக் கணக்குத் தெரியாமல் வெட்டினால் காதுக்கென்று தனித்துணி வாங்க நேரிடும். லாபம் அதிலேயே போய்விடும்.

33 அங்குலத் துண்டை நடுவில் மடித்தால் அடியில் தையலே கிடையாது. பாரம் தாங்குவது மடிப்புத்தான். பக்கங்களை முதலில் வெளிப்புறமாக ஒரு தையல் போட்டு, பிறகு உள்ளே திருப்பி மறுதையல் போட வேண்டும். பிசிறு உள்ளே அடங்கிவிடும்; சர்க்கரையிலும் ரவையிலும் நூல் கலக்காது. மேல் விளிம்பை ஒன்றரை அங்குலம் மடித்துத் தைக்க வேண்டும். 13 அங்குல அகலமும் 15 அங்குல உயரமும் கொண்ட பை கிடைக்கும்.

பை கிழிவது பெரும்பாலும் காதில்தான். 3 அங்குலப் பட்டையை நான்காக மடித்துத் தைத்தால் முக்கால் அங்குலக் காது வரும். அதன் நுனியை மேல் மடிப்புக்குள் ஒன்றரை அங்குலம் செருகி, சதுரமாகத் தைத்து, நடுவே பெருக்கல் குறி போலக் குறுக்குத் தையல் போட வேண்டும். வாங்கும்போது பத்துப் பைக்கு ஒன்றை எடுத்து, 5 கிலோ அரிசி போட்டு, காதைப் பிடித்து நான்கு முறை உதறிப் பார்க்கலாம். மஞ்சள் சாயமிட்ட பையானால் ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்க்க வேண்டும். சாயம் ஒட்டினால் அந்தப் பை மாவுக்கும் வெல்லத்துக்கும் ஆகாது.

பழைய கூடைகளைத் தூக்கி எறியாதீர்கள்

2011-ல் இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை வெளியிட்ட ஆய்வு ஒன்று, ஒரு பருத்திப் பையைக் குறைந்தது 131 தடவை பயன்படுத்தினால்தான், புவி வெப்பமடைதல் கணக்கில், ஒரே தடவை பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிட அது மேலானதாகும் என்று கணக்கிட்டது. பருத்தி விளைய நீரும் உரமும், நெய்ய மின்சாரமும் செலவாகின்றன அல்லவா? வாரம் ஒருமுறை கடைக்கு வருபவருக்கு 131 தடவை என்பது இரண்டரை வருடம். ஆகவே துணிப்பையை வாரி வழங்குவதில் பெருமையில்லை. கொடுத்த பை திரும்பத் திரும்ப வருவதில்தான் பயன். அதற்குப் பழுது பார்க்கும் பழக்கம் வேண்டும்.

நம் வீட்டுப் பரணில் இன்னும் பழைய பிரம்புக் கூடை, பிரம்புக் கைப்பை கிடக்கலாம். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய சாமான்களோடு சாமானாகவும் கிடைக்கும். சீர்காழி, கொள்ளிடம் பக்கத்துத் தைக்கால் கிராமம் பிரம்பு வேலைக்குப் பெயர் பெற்றது. நல்ல பிரம்பு சாமான்யமாகச் சாகாது. ஒன்றிரண்டு இழை ஒடிந்ததற்காக எறிவது வீண்.

பழுது பார்க்கும் முறை கடினமல்ல. முதலில் காய்ந்த தூரிகையால் தூசியைத் தட்டி, சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து, நிழலில் உலர்த்த வேண்டும். கடும் வெயிலில் வைத்தால் பிரம்பு வெடிக்கும். பூஞ்சை இருந்தால் வினிகர் கலந்த நீரால் துடைக்கலாம். உளுத்து மாவு கொட்டும் பகுதியை வெட்டி நீக்கிவிட வேண்டும். அதே கனத்தில் புதுப் பிரம்பு இழையைத் தண்ணீரில் ஊற வைத்து, வளைத்தால் ஒடியாத பதம் வந்ததும், ஒடிந்த இடத்துக்கு இரண்டு மூன்று குத்துக்கம்பி முன்பிருந்தே பின்னத் தொடங்கி, அதே அளவு தாண்டி முடித்து, நுனியை உள்ளே செருக வேண்டும். காயும்போது அது தானே இறுகும். கைப்பிடி தளர்ந்திருந்தால் பிரம்புப் பட்டையை நனைத்து நெருக்கமாகச் சுற்றலாம். உள்ளே பழைய பருத்திச் சேலைத் துணியால் உறை தைத்துப் போட்டால் சிறு பொருள் சிந்தாது. உறையைக் கழற்றித் துவைக்கலாம்.

ஒயர் கூடையையும் மறக்கக் கூடாது. சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று முடிச்சுகளுக்குப் பெயர் வைத்து நம் வீட்டுப் பெண்கள் பின்னியவை. ஒயரும் பிளாஸ்டிக்தானே என்று கேட்கலாம். பத்து வருடம் உழைக்கும் கூடையும் பத்து நிமிடம் உழைக்கும் பையும் ஒன்றாகுமா? அதன் பிடி அறுந்தால் பிடியை மட்டும் மாற்றினால் போதும்.

கடையில் செய்யக்கூடியவை

2021 டிசம்பர் 23-ல் தமிழக அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியது. 2022 ஜூனில் கோயம்பேடு சந்தையில், பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரமும் வைக்கப்பட்டது. இயந்திரம் பையைக் கொடுக்கும். பையைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லும் உறவு கடைக்காரருக்குத்தான் உண்டு. எனவே நாம் சொல்வது இதுதான்.

பைக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு கொடுங்கள். சுத்தமாகத் திருப்பித் தந்தால் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். பைக்கு விலை உண்டு என்பதைக் கடை வாசலிலேயே எழுதி வையுங்கள். முன்கூட்டித் தெரிவிக்காமல் பில் போடும்போது பைக்குத் தனியே பணம் வாங்குவது நியாயமற்ற வணிக முறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 டிசம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. சரக்கைப் பையோடு நிறுத்தால், பையின் எடையைக் கழித்துவிடுங்கள். காது அறுந்த பையை வாங்கி வைத்து, தெருமுனைத் தையல்காரரிடம் வாரம் ஒருமுறை மொத்தமாகத் தைக்கக் கொடுங்கள். அவருக்கும் நாலு காசு கிடைக்கும். சொந்தப் பையோடு வருபவருக்கு முதலில் சரக்கு போட்டு அனுப்புங்கள். அந்த மரியாதைக்குக் காசு செலவில்லை.

இதில் ஒரு கடை மட்டும் நின்றால் நிற்க முடியாது. நாம் பை இல்லை என்றால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார் என்ற பயம் நியாயமானதே. அந்தப் பயத்துக்கு மருந்து சங்கம்தான். ஒரு தெருவில் உள்ள கடைகள் எல்லாம் ஒரே நாளில், ஒரே முன்பணத்தில், ஒரே அளவுப் பையை வைத்துக்கொண்டால், எந்தக் கடையில் வாங்கிய பையையும் எந்தக் கடையிலும் திருப்பித் தரலாம். காடாவை மொத்தமாகத் தறிக்காரரிடமே வாங்கி, தையலை நம் பகுதி மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குக் கொடுத்தால் விலையும் இறங்கும். மொத்தக் கொள்முதலில் பழகிய நாங்கள் அந்தப் பொறுப்பை ஏற்கத் தயார். அடுத்த பொதுக்குழுவில் ஒவ்வொரு தெருவிலிருந்தும், மாதம் எத்தனை பை தேவைப்படும் என்ற கணக்கோடு ஒருவர் வந்தால் போதும். மற்ற வேலையை அங்கேயே பங்கிட்டுக்கொள்ளலாம்.