சுத்திகரிப்பு நிலையமும் ஊராரின் அச்சமும்

தமிழகத்தின் சிறு நகரங்களை ஒட்டியுள்ள ஊராட்சிகளிலிருந்து மாவட்ட ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டங்களுக்கு இரண்டு வகையான மனுக்கள் வருகின்றன. 'எங்கள் ஏரியில் இரவு நேரத்தில் கழிவுநீர் லாரிகள் கொட்டிச் செல்வதைத் தடுத்து நிறுத்துங்கள்' என்பது ஒன்று. 'எங்கள் ஊரில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் அமைக்காதீர்கள்' என்பது மற்றொன்று. பல வேளைகளில் இரண்டிலும் கையொப்பமிட்டிருப்பவர்கள் ஒரே ஊரார்தான். நகரத்தில் இருந்து பார்ப்பவர்களுக்கு இது முரண்பாடாகத் தோன்றும். அதிகாரிகளோ, 'மக்களிடம் போதிய விழிப்புணர்வு இல்லை' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

அத்தகைய ஊராட்சி ஒன்றில் வசிப்பவன் என்ற முறையில், அந்த ஒரு வரியை என்னால் ஏற்க இயலவில்லை. கழிவைக் கையாளும் பொறுப்பில் இருப்பவர்கள் சொன்னபடி செய்வார்கள் என்ற நம்பிக்கை ஊராருக்கு இல்லை; இரண்டு மனுக்களுக்கும் அதுவே காரணம். அந்த அவநம்பிக்கைக்கு அடிப்படை உண்டா என்பதைத்தான் முதலில் ஆராய வேண்டும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தமிழகத்தின் ஊரகக் குடும்பங்களில் ஏறத்தாழ கால் பங்கினருக்கு மட்டுமே வீட்டு வளாகத்தில் கழிப்பறை இருந்தது. 2014 அக்டோபரில் தொடங்கிய தூய்மை பாரத இயக்கம் அந்த நிலையைப் பெருமளவில் மாற்றியது. கழிப்பறைகள் வந்தன, ஆனால் அவற்றிலிருந்து வெளியேறுவதைக் கொண்டுசெல்லும் குழாய்கள் வரவில்லை. பாதாளச் சாக்கடை என்பது பெரும்பாலும் மாநகராட்சிகளுக்கும் சில நகராட்சிகளுக்கும் மட்டுமே வாய்த்த வசதி. மற்ற ஊர்களில் எல்லாம் செப்டிக் டேங்க்தான்.

அந்தத் தொட்டியின் வேலை எளியது. வீட்டிலிருந்து வரும் மலநீரை ஓரிரு நாள் தேக்கிவைத்து, கனமானவற்றை அடியில் படியச் செய்யும். மேலே தெளியும் நீர் உறிஞ்சுகுழி வழியாக மண்ணுக்குள் இறங்கும். அடியில் தங்கும் கசடு ஓரளவு சிதையுமே தவிர, முற்றிலும் மறைந்துவிடாது. ஆகவேதான் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை அகற்ற வேண்டும் என்று மத்திய அரசின் பொறியியல் கையேடுகள் கூறுகின்றன. நடைமுறையில் தொட்டி வழிந்தோடும்வரை எவரும் மூடியைத் திறப்பதில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் செப்டிக் டேங்க் என்று அழைக்கப்படுபவற்றில் பல, அடித்தளம் பூசப்படாத வெறும் உறைக்குழிகள். 'பதினைந்து ஆண்டுகளாகியும் எங்கள் தொட்டி நிரம்பவே இல்லை' என்று பெருமையுடன் கூறும் வீட்டுக்காரர்களை நான் அறிவேன். நிரம்பாத தொட்டி எங்கே காலியாகிக்கொண்டிருக்கிறது என்பதை அவர்களுடைய ஆழ்குழாய்க் கிணற்று நீரைச் சோதித்தால் தெரியும். குடிநீரில் நைட்ரேட் ஒரு லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அந்த அளவு மீறப்பட்டால் முதலில் பாதிக்கப்படுபவை புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகள்.

வழிந்தோடும் தொட்டியைக் காலி செய்ய லாரி வருகிறது. லாரி உரிமையாளருக்கு ஒரு நடைக்கு இவ்வளவு என்று கூலி. அதற்குள் டீசல், ஓட்டுநர், உதவியாளர், வண்டித் தவணை எல்லாம் அடங்க வேண்டும். அனுமதிக்கப்பட்ட சுத்திகரிப்பு நிலையம் இருபத்தைந்து கிலோமீட்டர் தொலைவில் இருந்தால், போய்வரும் செலவில் கூலி கரைந்துவிடும். நகர எல்லையைத் தாண்டியதும் இருட்டில் ஓர் ஏரி வரத்துக்கால் கிடைத்தால், குழாயைத் திறந்துவிட்டுத் திரும்பிவிடலாம். தமிழக அரசு 2014 செப்டம்பரிலேயே கசடு மேலாண்மைக்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது; இந்த லாரிகளுக்கு உரிமம் கட்டாயம் என்ற விதியும் பின்னர் வந்தது. விதிகள் தேவைதான். எனினும், கொட்டுவதற்கு அருகில் முறையான இடம் இல்லாத பகுதியில் அபராதம் என்பது லாரியை ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குத் துரத்துவதில்தான் முடிகிறது.

ஒரு லாரிக் கசடு என்ன செய்யும் என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். வீட்டுச் சாக்கடை நீரிலுள்ள கரிமப் பொருளைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன், லிட்டருக்கு ஏறத்தாழ 200 முதல் 300 மில்லிகிராம். செப்டிக் டேங்க் கசடு அதைவிடப் பல மடங்கு செறிவானது. லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். 5,000 லிட்டர் கொண்ட ஒரு லாரிச் சுமை, 25 கிலோ ஆக்சிஜனைக் கேட்கும். 30 டிகிரி வெப்பத்தில் ஏரி நீரில் லிட்டருக்கு அதிகபட்சம் ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். அதாவது, ஒரே ஒரு சுமை 33 லட்சம் லிட்டர் ஏரி நீரின் மூச்சை முழுவதுமாக உறிஞ்ச வல்லது. கோடையில் நீர் வற்றிய ஏரியில் விடிகாலையில் மீன்கள் செத்து மிதப்பதன் கணக்கு இதுதான். குடற்புழு முட்டைகளோ கண்ணுக்குத் தெரியாதவை. அவற்றில் சில ஈரமண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிர்ப்புடன் இருக்கும். அந்த ஏரிப் பாசனத்தில்தான் நாற்று நடும் பெண்கள் கணுக்கால் நீரில் நாள் முழுவதும் நிற்கிறார்கள்.

ஆகவே, சுத்திகரிப்பு நிலையம் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதன் இயக்கமும் பலர் அஞ்சுவதைப்போல அவ்வளவு மருட்சி தரக்கூடியதன்று. இந்த வகையில் நாட்டிலேயே முன்னோடியாகக் கருதப்படும் நிலையம் 2015-இல் கர்நாடகத்தின் தேவனஹள்ளியில் அமைந்தது. தமிழகத்தில் முதலாவது, மதுராந்தகத்துக்கு அருகிலுள்ள கருங்குழியில் வந்தது. லாரி கொண்டுவரும் கசட்டை மணலும் சரளையும் பரப்பிய படுகைகளில் விடுகிறார்கள். நீர் கீழே வடிந்து தனியே சேர்கிறது. அதை மேலும் சுத்திகரித்து மரங்களுக்குப் பாய்ச்சலாம். மேலே தங்கும் திண்மம் வெயிலில் காய்ந்து மண்போல் உதிர்கிறது. நோய்க்கிருமிகள் அழியும்வரை அதை இருப்பு வைத்தோ, மக்கும் குப்பையுடன் சேர்த்து உரமாக்கியோ பயன்படுத்த வேண்டும். பெரிய இயந்திரங்கள் இல்லை. மின்சாரமும் மிகக் குறைவு. ஓர் ஊர்ப்புறச் செங்கல் சூளையை நடத்துவதைவிட இதை நடத்துவது கடினம் என்று நான் நினைக்கவில்லை.

பிறகு ஏன் அச்சம்? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-21-ஆம் ஆண்டுக்காக வெளியிட்ட கணக்கே அதற்கு விடை கூறும். நாட்டின் நகர்ப்புறங்களில் நாளொன்றுக்கு உண்டாகும் கழிவுநீர் 7,236 கோடி லிட்டர். அமைக்கப்பட்டுள்ள நிலையங்களின் திறன் 3,184 கோடி லிட்டர். உண்மையில் சுத்திகரிக்கப்பட்டதோ 2,023 கோடி லிட்டர் மட்டுமே. முதல் இரண்டு எண்களுக்கு இடையிலுள்ள இடைவெளியைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். கிராமத்தாருக்கு முக்கியமானது அடுத்த இடைவெளி. கட்டி முடித்த திறனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பயன்படவில்லை. திறப்பு விழாக் கல்வெட்டு பளபளப்பாக இருக்கும். காற்றூட்டும் இயந்திரம் மின்கட்டண நிலுவையால் நின்றிருக்கும். வந்த கழிவு வந்தபடியே ஓடைக்குப் போகும். உறவினர் வீட்டுக்குப் போகும் வழியில் இப்படியொரு நிலையத்தின் நாற்றத்தை நுகர்ந்து வந்தவரிடம் தொழில்நுட்பப் படங்களைக் காட்டி விழிப்புணர்வு ஊட்ட முடியாது. அவர் ஏற்கெனவே விழிப்புடன்தான் இருக்கிறார்.

பராமரிப்பில் சறுக்குவது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறையன்று. பெரும் தனியார் நிறுவனங்கள் குடிநீரையும் கழிவுநீரையும் நிர்வகிக்கும் இங்கிலாந்தில், 2023-ஆம் ஆண்டில் மட்டும் மழைநீர் வழிந்தோடு வாய்கள் வழியாக ஆறுகளிலும் கடலிலும் கழிவுநீர் விடப்பட்ட நேரம் 36 லட்சம் மணி. ஆனால் அங்கு ஒரு வேறுபாடு உண்டு. அத்தகைய ஒவ்வொரு வாயிலும் அளவுமானி பொருத்தப்பட்டிருப்பதால் அந்த எண் ஊருக்கே தெரிகிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு மக்கள் கேள்வி கேட்கிறார்கள். நம் ஊரில் அளப்பவரும் இல்லை, அளந்ததைச் சொல்பவரும் இல்லை.

கேட்பதற்கான களம் சட்டத்தில் இருக்கிறதா என்றால், அதுவும் குறைவே. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் தொழிற்சாலைகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. குப்பை கையாளும் பொது வளாகம் இருக்கிறது. உள்ளாட்சி அமைக்கும் தனித்த கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இல்லை. எனவே அதற்குக் கட்டாய மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் இல்லை. 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின்கீழ் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டும். அது இரு அலுவலகங்களுக்கு இடையே நடக்கும் கடிதப் போக்குவரத்து. நல்ல நோக்கத்துடன் அமைக்கப்படும் ஒன்றுக்கு முட்டுக்கட்டை வேண்டாம் என்று கருதியிருக்கலாம். அதன் விளைவு, புறம்போக்கு நிலத்தில் பொக்லைன் இறங்கிய பிறகே ஊராருக்குச் செய்தி தெரிவதாக இருக்கிறது. அந்தப் புறம்போக்கு, நிலமற்ற குடும்பங்கள் ஆடுமாடு மேய்க்கும் இடமாகவும், ஊரின் எளிய மக்கள் வாழும் தெருவுக்கு அடுத்ததாகவும் இருப்பது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

எங்கள் ஊராட்சியில் இது பற்றிப் பேச்செழுந்தபோது கிராம சபையில் ஒரு மூதாட்டி கேட்ட கேள்வியை இங்கு குறிப்பிட வேண்டும். "டவுன் லாரி எல்லாம் இங்க வந்து கொட்டும்ங்கறீங்க. எங்க வீட்டுத் தொட்டிய எடுக்க அந்த லாரி வருமா, சார்?" வந்திருந்த பொறியாளர் நேர்மையானவர், திட்டம் நகராட்சிக்கானது, ஊராட்சி வீடுகள் அதில் சேரவில்லை என்று ஒப்புக்கொண்டார். நிலம் ஊராட்சியினுடையது, நாற்றம் ஊராட்சியினுடையது, சேவை மட்டும் நகரத்துக்கு என்றால் எந்த ஊர் சம்மதிக்கும்? ஊராட்சி வீடுகளுக்கும் குறைந்த கட்டணத்தில் தொட்டி காலி செய்து தரப்படும் என்பது திட்டத்தின் முதல் வரியிலேயே இடம்பெற வேண்டும். அப்படிச் செய்தால் நிலத்தடி நீரும் காக்கப்படும்.

அடுத்தது பணம். கட்டுமானத்துக்கு மானியம் தேடுவது எளிது. பத்தாண்டு நடத்துவதற்கான பணத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சுத்திகரிப்பு நிலையங்களை அமைப்பதோடு அவற்றை இயக்குவதற்கான நிதியையும் உள்ளாட்சிகள் உறுதிசெய்ய வேண்டும் என்பதை 2017 பிப்ரவரியில் உச்சநீதிமன்றமும் வலியுறுத்தியது. லாரிக் கட்டணத்திலிருந்து ஒரு பகுதி, சொத்து வரியிலிருந்து ஒரு பகுதி என்று தனிக் கணக்கு தொடங்கி, அதன் இருப்பை ஊராட்சிக்கு ஆண்டுதோறும் காட்ட வேண்டும். லாரி கொட்டுவதற்கு நிலையத்தில் கட்டணம் கேட்கவே கூடாது என்பது என் கருத்து. கட்டணம் கேட்டால் ஏரிதான் மலிவு என்று ஓட்டுநர் முடிவு செய்வார். வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே வசூலித்துவிட்டு, நிலையத்தில் கொட்டிய ரசீதைக் காட்டினால் லாரிக்குக் கூலி என்று மாற்றினால், அதே ஓட்டுநர் அதே லாரியை நேராக நிலையத்துக்கு ஓட்டிவருவார்.

மூன்றாவது, கண்காணிப்புக் கிணறுகள். நிலையம் தொடங்கும் முன்பே அதைச் சுற்றியுள்ள நான்கைந்து கிணறுகளின் நீரைச் சோதித்துப் பதிவு செய்துவைக்க வேண்டும். அந்த முதல் பதிவு இல்லாவிட்டால், பின்னால் நீர் கெட்டாலும் 'முன்பே அப்படித்தான் இருந்தது' என்று கூறித் தப்பிக்கலாம். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனை. நிலையத்திலிருந்து வெளியேறும் நீருக்கும் அதேபோல. கழிவுநீர் நிலையங்களுக்கு 2017-இல் வகுக்கப்பட்ட வரம்பின்படி, வெளியேறும் நீரில் மலக் கோலிஃபார்ம் கிருமிகள் 100 மில்லிலிட்டருக்கு 1,000-க்குள் இருக்க வேண்டும். அந்த எண்ணை ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதிவைப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. வேலி, மரங்கள், லாரி வரும் நேரம், குடியிருப்பிலிருந்து தொலைவு ஆகியவற்றை ஊராரும் பொறியாளரும் நிலத்தில் நின்றே பேசி முடித்துவிடலாம். அங்கு வேலை செய்பவர்களுக்குக் கையுறையும் காலணியும் தடுப்பூசியும் முறையான ஊதியமும் தரப்பட வேண்டும். 2013-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகும் தொட்டிக்குள் இறங்கி மனிதர்கள் மாளும் நாட்டில் இதைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

இவற்றை வாய்மொழி வாக்குறுதியாக அன்றி, நிலத்தை ஒப்படைக்கும் கிராம சபைத் தீர்மானத்திலேயே நிபந்தனைகளாக எழுதி, நகராட்சி ஆணையரின் கையொப்பம் பெற வேண்டும். அதற்கு இசையாத நகராட்சிக்கு நிலம் தர மறுக்க ஊராருக்கு முழு நியாயம் உண்டு. இசைந்த பிறகும் மறுப்பார்களானால், இரவு லாரிகளை எதிர்த்து மனுக் கொடுக்கும் நியாயத்தை அவர்கள் இழந்துவிடுவார்கள். இதை என் ஊராரிடமும் சொல்லியிருக்கிறேன்.

ஒரு கேள்விக்கு மட்டும் எங்களுக்கு இன்னும் சரியான விடை கிடைக்கவில்லை. வெயிலை நம்பி இயங்கும் உலர்படுகை ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் என்ன செய்யும்? லாரிகளின் தேவையும் அப்போதுதான் மிகுதி. நிலத்தடி நீர் உயர்ந்து தொட்டிகள் வழியும் காலம் அது. ஒளி புகும் கூரை போடலாம், ஒரு மாதக் கசட்டைத் தேக்கும் மூடிய தொட்டி கட்டலாம். இரண்டுக்கும் மதிப்பீட்டில் தொகை ஒதுக்கப்படவில்லை. உள்ளாட்சிகள் நாள் என்று நவம்பர் 1-ஆம் தேதியும் கிராம சபை கூட்டப்படுவதால், நிலையம் தொடங்கும் ஆண்டில் படுகைகளின் நிலையையும் கிணற்று நீர்ச் சோதனை முடிவுகளையும் அன்றைய கூட்டத்தின் முதல் பொருளாக வைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். மழைக்கு நடுவே அமையும் கூட்டம் அது.