தலைமை ஆசிரியர் வகுப்புக்குள் வருவது எதற்கு? ஆய்வுக்கா... உதவிக்கா? ஒரு பள்ளித் தலைவரின் அனுபவம் சொல்வது என்ன?

‘நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன்’ என்று தகவல் வந்தாலே போதும், பள்ளிக்கூடமே மாறிவிடும். சுவரில் புது சார்ட் ஏறும். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் முன்வரிசைக்கு வந்துவிடுவார்கள். ‘சார் கேள்வி கேட்டா நீ எந்திரிச்சு சொல்லு’ என்று முதல் நாளே ஒத்திகை நடந்திருக்கும். நாம எல்லோரும் இதைப் பார்த்து வளர்ந்தவங்கதான்.

வந்தவர் கொஞ்ச நேரம் உட்கார்வார், பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார், போய்விடுவார். மறுநாள் வகுப்பு பழையபடியே நடக்கும். அப்படியென்றால் அந்த வருகையால் கடைசி பெஞ்ச் மாணவனுக்கு என்ன லாபம்?

இதே கேள்வியை எடுத்துக்கொண்டு, பள்ளித் தலைவரின் வேலையையே மாற்றி அமைத்தவர் அமெரிக்காவின் பால் பாம்ப்ரிக்-சான்டோயோ. அவர் சொல்வது என்ன? நம்ம ஊருக்கு அது பொருந்துமா? பார்க்கலாம்.

யார் இவர்?

நியூ ஜெர்சி மாகாணத்தின் நியூவார்க் நகரில் உள்ள நார்த் ஸ்டார் அகாடமி பள்ளிகளுக்குத் தலைமை வகித்தவர். அரசுப் பணத்தில் நடந்தாலும் நிர்வாகம் தனி அமைப்பின் கையில் இருக்கும் ‘சார்ட்டர்’ வகைப் பள்ளிகள் இவை. படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் வசதி குறைந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். தன் அனுபவங்களை வைத்து 2010-ல் ‘டிரிவன் பை டேட்டா’, 2012-ல் ‘லெவரேஜ் லீடர்ஷிப்’ ஆகிய புத்தகங்களை எழுதினார். பள்ளித் தலைவர்களுக்கான பயிற்சிகளில் இரண்டும் பரவலாகப் பயன்படுகின்றன.

15 நிமிடம்... ஒரே ஒரு திருத்தம்!

வழக்கமான முறையில் ஓர் ஆசிரியரின் வகுப்பை ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறைதான் யாராவது பார்ப்பார்கள். பார்த்த பிறகு நீளமான படிவம் நிரப்பி, பத்துப் பன்னிரண்டு குறைகளை எழுதிக் கொடுப்பார்கள். ஒரே நேரத்தில் பத்து விஷயத்தை யாரால் மாற்ற முடியும்? எதுவும் மாறாது.

பாம்ப்ரிக் இதைத் தலைகீழாக்கினார்:

• வகுப்பைப் பார்ப்பது வாரம் ஒருமுறை, சுமார் 15 நிமிடம் மட்டும்

• பிறகு நேருக்கு நேர் ஒரு சின்ன உரையாடல்

• அதில் ஒரே ஒரு திருத்தம். அதுவும் அடுத்த வாரத்துக்குள் செய்து முடிக்கக் கூடியதாக இருக்க வேண்டும்

• சொன்னதோடு விடாமல், அங்கேயே இருவரும் செய்து பார்க்க வேண்டும்

• அடுத்த வாரம் போய்ப் பார்க்க வேண்டியது முதலில் அந்தத் திருத்தத்தைத்தான்

இப்படி ஓராண்டு வழிகாட்டல் கிடைத்தால், மற்ற இடங்களில் 20 ஆண்டில் கிடைக்கும் வளர்ச்சி ஓர் ஆசிரியருக்குக் கிடைத்துவிடும் என்பது அவருடைய கணக்கு. கொஞ்சம் துணிச்சலான கணக்குதான். ஆனால் ஆண்டுக்கு இரண்டு முறை நடப்பது வாரா வாரம் நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்தால், அவர் சொல்ல வருவது புரியும்.

வகுப்பறையில் இது எப்படி இருக்கும்?

நம்ம ஊர் வகுப்பறையை வைத்து ஒரு உதாரணம் பார்க்கலாம். ஐந்தாம் வகுப்பில் பின்னக் கணக்கு நடக்கிறது. ஆசிரியை விளக்கி முடித்துவிட்டு, ‘புரிஞ்சுதா?’ என்கிறார். ‘புரிஞ்சுது டீச்சர்’ என்று மொத்த வகுப்பும் கோரஸ் போடுகிறது. ஆனால் பின்னால் உட்கார்ந்திருக்கும் தலைமை ஆசிரியரின் கண்ணில் பட்டது வேறு. கடைசி வரிசை நோட்டுகளில் 1/2 + 1/3 = 2/5 என்று இருக்கிறது. மேலே உள்ளதை மேலேயும், கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி வைத்திருக்கிறார்கள்!

வகுப்பு முடிந்ததும், ‘உங்க வகுப்புல பாதிப் பேருக்குத் தெரியலையே’ என்று சொன்னால் கதை அங்கேயே முடிந்தது. அதற்குப் பதிலாக, ‘ரொட்டியை வெட்டிக் காட்டினது நல்லா இருந்துச்சு டீச்சர். எத்தனை பேருக்குப் புரிஞ்சுதுன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?’ என்று கேட்கலாம். விடுபட்டது எது என்பது ஆசிரியைக்கே பிடிபடும்.

அடுத்த வாரத்துக்கான திருத்தம் இவ்வளவுதான்: ‘புரிஞ்சுதா’ என்று கேட்பதற்குப் பதில் ஒரு கணக்கு கொடுங்கள். எல்லோரும் எழுதட்டும். கடைசி வரிசையில் இருந்து ஆரம்பித்து ஒரு சுற்று நடந்து பாருங்கள். எந்தக் கணக்கு, எவ்வளவு நேரம் என்பதை அப்போதே இருவரும் சேர்ந்து முடிவு செய்துகொள்கிறார்கள்.

‘போர்ஷன் முடிச்சாச்சு’ என்றால் போதுமா?

‘சதவீதம் நடத்தியாச்சு’ என்று பதிவேட்டில் எழுதிவிடலாம். ஆனால் ‘50-ல் 20 சதவீதம் எவ்வளவு?’ என்ற கேள்வியும், ‘800 ரூபாய் சட்டைக்கு 15 சதவீதத் தள்ளுபடி, கையில் இருந்து எவ்வளவு கொடுக்கணும்?’ என்ற கேள்வியும் ஒன்றல்ல. முதல் கேள்விக்கு 10 என்று பதில் சொல்லும் மாணவன், இரண்டாவதில் 680-க்குப் பதில் 120 என்று எழுதிவிட்டு நிற்கலாம்.

எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்யாமல் ‘கற்பித்தாகிவிட்டது’ என்று சொல்வதற்கு அர்த்தமே இல்லை என்கிறார் பாம்ப்ரிக். அதனால் ஆண்டுத் தேர்வு வரை காத்திருக்காமல், ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை பொதுவான தேர்வு வைக்கச் சொல்கிறார். அதில் மதிப்பெண்ணை மட்டும் பார்க்கக் கூடாது. எந்தக் கேள்வியில், எந்தத் தவறான பதிலை, ஏன் எழுதினார்கள் என்று ஆசிரியரும் தலைமை ஆசிரியரும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். எதைத் திரும்ப நடத்துவது என்று அப்போதுதான் தெரியும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

ஃபுளோரிடாவின் மயாமி-டேட் மாவட்டத்தில் சுமார் 100 பள்ளி முதல்வர்களைக் கவனித்து நடத்திய ஆய்வு 2013-ல் வெளியானது. கற்பித்தல் தொடர்பான வேலைகளுக்கு முதல்வர்கள் செலவிட்டது, தங்கள் நேரத்தில் சுமார் 13 சதவீதம்தான். அதில் ஆச்சரியமான தகவல் ஒன்று: வகுப்புகளைச் சும்மா சுற்றிப் பார்ப்பதில் அதிக நேரம் செலவிட்ட பள்ளிகளில் மாணவர் முன்னேற்றம் குறைவாகவே இருந்தது. ஆசிரியருடன் உட்கார்ந்து வழிகாட்டிய பள்ளிகளில் முன்னேற்றம் தெரிந்தது.

ஆசிரியர்களுக்கு இப்படித் தனித்தனியாக வழிகாட்டுவது குறித்த 60 ஆய்வுகளை 2018-ல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். கற்பிக்கும் முறை நன்றாகவே மேம்படுகிறது, மாணவர் மதிப்பெண்ணிலும் ஓரளவு உயர்வு கிடைக்கிறது என்பது முடிவு. ஆனால் ஒரே நேரத்தில் நிறைய ஆசிரியர்களுக்கு விரிவாக்கும்போது பலன் குறைகிறது. அவசர அவசரமாக ஊர் முழுக்க அமல்படுத்தினால் வேலைக்கு ஆகாது.

விமர்சனமும் உண்டு. பாம்ப்ரிக் பணியாற்றிய ‘அன்காமன் ஸ்கூல்ஸ்’ பள்ளிக் குழுமம், கடுமையான ஒழுங்கு விதிகளுக்காக விமர்சிக்கப்பட்டது. அடிக்கடி தேர்வு என்றால் பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் அழுத்தம்தானே என்ற கேள்வியும் நியாயமானதே.

நம்ம ஊரில் சாத்தியமா?

பெரிய தடை நேரம்தான். கல்வி உரிமைச் சட்டம் 2009-ன்படி, தொடக்கப் பள்ளியில் 150 மாணவர்களுக்கு மேல் இருந்தால்தான் ஆசிரியர்கள் போக, தலைமை ஆசிரியர் தனியாகக் கணக்கில் வருவார். 60 பேர் வரை என்றால் மொத்தமே இரண்டு ஆசிரியர்கள். அங்கே தலைமை ஆசிரியரும் பாடம் நடத்தியாக வேண்டும். எமிஸ் பதிவேற்றம், காலை உணவு, சத்துணவு, கட்டட வேலை எல்லாம் அதற்கு மேல். ‘வாரா வாரம் வகுப்பு பாருங்க’ என்றால், ‘என் வகுப்பை யார் பார்ப்பது?’ என்றுதான் கேட்பார்.

ஆனால் தேவை இங்கேயும் இருக்கிறது. 2022-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில், ஒரே வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளில் பிள்ளைகள் இருப்பார்கள். எந்தப் பிள்ளை எந்த நிலையில் நிற்கிறது என்று சரியாகக் கணித்தால்தான் அது பலிக்கும். இன்னொரு ஜோடிக் கண் அங்கே பெரிய உதவி.

இரண்டு ஆசிரியர் பள்ளியில்கூட ஒரு வழி இருக்கிறது. ‘முதல்ல என் வகுப்பை வந்து பாருங்க டீச்சர், எங்கே தப்புன்னு சொல்லுங்க’ என்று தலைமை ஆசிரியரே ஆரம்பிக்கலாம். அரை மணி நேரம் இரண்டு வகுப்புகளையும் ஒரே அறையில் உட்கார வைத்தாலே போதும். பள்ளித் தலைமை குறித்து 2008-ல் வெளியான பிரபலமான ஆய்வுத் தொகுப்பும் இதையே சொல்கிறது: தலைவர் செய்யும் வேலைகளில் மாணவர் கற்றலோடு மிக அதிகத் தொடர்புடையது, ஆசிரியர்களின் கற்றலை ஊக்குவித்து, தானும் அதில் பங்கேற்பதுதான்.

பெற்றோர் என்ன கேட்கலாம்?

அடுத்த முறை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கோ பெற்றோர் கூட்டத்துக்கோ போகும்போது, ‘என் பிள்ளை எத்தனை மார்க்?’ என்பதோடு நிறுத்த வேண்டாம். ‘எந்த இடத்தில் தடுமாறுறான், அதைத் திரும்ப எப்போ நடத்துவீங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளின் நோட்டைப் பார்த்து நடத்தும் ஆசிரியரிடம் அதற்கு உடனே பதில் இருக்கும். பதில் இல்லை என்றால், அவரைக் குறை சொல்லும் முன், அவருக்கு உதவ யார் வகுப்புக்குப் போனார்கள் என்றும் தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள்.